நட்டு இறுகியது, டிஸ்க் இறுகவில்லை: ஓர் ஆங்கிள் கிரைண்டர் விபத்தின் நிகழ்வு ஆய்வு

ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில், மதிய இடைவேளை முடிந்து வேலை சூடுபிடித்திருந்த நேரத்தில், 125 மி.மீ. ஆங்கிள் கிரைண்டரில் மாட்டியிருந்த கட்டிங் டிஸ்க் ஓட்டத்திலேயே உடைந்தது. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளரின் இடது முன்கையை ஒரு துண்டு கிழித்தது. எலும்பு தப்பியது. தையல் போட்டார்கள், நாளடைவில் விரல்களின் அசைவு முழுதாகத் திரும்பியது. கிரைண்டரைப் பிடித்திருந்த ஆபரேட்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று மாலையே பதிவேட்டில் காரணம் எழுதியாகிவிட்டது: "மட்டமான டிஸ்க். ஆபரேட்டரின் கவனக்குறைவு." நாங்கள் ஆய்வை முடித்தபோது இந்த இரண்டில் ஒன்றுகூட நிற்கவில்லை. டிஸ்க் உடைந்தது வெட்டும்போதுதான். ஆனால் அது உடையும் என்பது அதற்கு முன்பே, டிஸ்க்கை மாற்றிய அந்த ஓரிரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அந்த மாற்றம் அப்படி நடந்ததற்குக் காரணம் எப்போதோ தொலைந்துபோய், வாங்காமலே விட்ட ஒரு ஸ்பேனர்.

மேற்பார்வையாளர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்ததும் கிரைண்டரின் பிளக்கை உருவி, யாரும் எதையும் கழற்றவிடாமல் அப்படியே அலமாரியில் பூட்டிவிட்டார். தரையில் சிதறிய துண்டுகளையும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். பல பட்டறைகளில் விபத்து நடந்த கையோடு புது டிஸ்க்கை மாட்டி வேலையைத் தொடர்ந்துவிடுவார்கள். சாட்சி குப்பைக்குப் போய்விடும்.

அன்று நடந்த வேலை

காலையிலிருந்து அந்தக் கிரைண்டரில் வெல்டிங் பீடு, அதாவது பற்றவைத்த இடத்தில் புடைத்து நிற்கும் உலோகம், தேய்க்கும் வேலை. அதற்கு 6 மி.மீ. தடிமனுள்ள கிரைண்டிங் டிஸ்க் மாட்டியிருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு 50 மி.மீ. ஆங்கிளை, அதாவது L வடிவ இரும்பை, அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தது. வேறு கிரைண்டர் கையில் இல்லை. எனவே ஆபரேட்டர் கிரைண்டிங் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கை மாட்டினார்.

ஆங்கிளை இரண்டு ஸ்டாண்டின்மேல் வைத்து, நடுவில் வெட்டத் தொடங்கினார். வெட்டு ஆழமாகும்போது இரும்பு நடுவில் தொய்ந்து டிஸ்க்கைக் கவ்வக்கூடாது என்பதற்காக உதவியாளர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அடியில் தாங்கிப் பிடித்திருந்தார். முதல் வெட்டு முடிந்தது. இரண்டாவது வெட்டில் பாதி தூரம் போனதும் டிஸ்க் ஒரு கணம் நின்று, மறுபடி சுற்றியது. "என்னண்ணே, திக்குது?" என்று உதவியாளர் கேட்டிருக்கிறார். பதில் சொல்வதற்குள் உடைந்துவிட்டது.

மோட்டார் நிற்கவில்லை, டிஸ்க் மட்டும் நின்றது என்று ஆபரேட்டர் தெளிவாகச் சொன்னார். சத்தம் மாறவே இல்லையாம். இந்த ஒரு வாக்குமூலம்தான் எங்களை நட்டின் பக்கம் திருப்பியது. வெட்டில் டிஸ்க் கவ்விக்கொண்டால் மோட்டாரும் சேர்ந்து திணறும், கிரைண்டர் கையை உதறும். டிஸ்க் நிற்க, அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் மட்டும் அதே வேகத்தில் ஓடுகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே பிடிமானம் இல்லை என்று அர்த்தம்.

டிஸ்க்கின் மீது குற்றம் உண்டா

பதிவேட்டில் எழுதியது டிஸ்க்கைப் பற்றி என்பதால் அதை முதலில் சோதித்தோம். லேபிளின் பெரும்பகுதி ஒரு துண்டில் மிஞ்சியிருந்தது. அளவு 125 மி.மீ., துளை 22.23 மி.மீ., அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 12,250 சுற்று, விநாடிக்கு 80 மீட்டர். கிரைண்டரின் தகட்டில் இருந்த வேகம் 11,000 சுற்று. கணக்குப் போட்டால் டிஸ்க்கின் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 72 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்குச் சொன்னால் சுமார் 260 கிலோமீட்டர். அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

துளையைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருந்தது. பிசின் கொண்டு பிணைத்த இந்த வகை டிஸ்க்குகளுக்குத் தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டு ஆயுள் என்பது பொதுவான வரையறை. இந்த டிஸ்க்குக்குக் காலம் மிச்சம் இருந்தது. அதே பெட்டியில் இருந்த மற்ற டிஸ்க்குகள் வளையாமல், ஈரம் படாமல், ஓரம் உடையாமல் இருந்தன. அவற்றைப் படுக்க வைத்துத்தான் அடுக்கியிருந்தார்கள்.

டிஸ்க்கை விரலால் சுண்டி ஓசை கேட்டுப் பார்த்திருந்தால் விரிசல் தெரிந்திருக்குமே என்று ஒருவர் கேட்டார். பெஞ்ச் கிரைண்டரில் போடும் தடித்த கல் சக்கரத்துக்கு அந்தச் சோதனை சரி. பிசினும் கண்ணாடி இழை வலையும் சேர்ந்த மெல்லிய டிஸ்க் நல்லதாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். இதற்குக் கண்ணால் பார்ப்பதும், ஓரத்தை விரலால் தடவி உடைசல் இருக்கிறதா என்று உணர்வதும், மாட்டியபின் சுமையில்லாமல் ஓட்டிப் பார்ப்பதும்தான் சோதனை.

ஆக, டிஸ்க் நிரபராதி.

நட்டுக்கு அடியில்

பூட்டி வைத்த கிரைண்டரை வெளியே எடுத்தபோது, டிஸ்க்கின் நடுப்பகுதி இன்னும் நட்டுக்கு அடியிலேயே இருந்தது. நட்டைக் கையால் அசைத்துப் பார்த்தோம், இம்மிகூட நகரவில்லை. அடுத்து, மிஞ்சியிருந்த டிஸ்க் துண்டைக் கட்டைவிரலால் தள்ளினோம். அது சுற்றியது. நட்டு, ஸ்பிண்டில் இரண்டும் அசையாமல் நிற்க, டிஸ்க் மட்டும் அவற்றுக்கு நடுவே தாராளமாகச் சுற்றி வந்தது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் முகம் வெளிறிப்போனது. "நட்டு டைட்டாத்தான் சார் இருந்துச்சு. டைட் பண்ணாம நான் என்னைக்குமே ஓட்டுனதில்ல" என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

இதைப் புரிந்துகொள்ள அந்த நட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஆங்கிள் கிரைண்டரில் டிஸ்க் இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கு, அதாவது வட்டமான உலோகத் தட்டுகளுக்கு, நடுவே உட்காரும். கியர் பெட்டிப் பக்கம் இருப்பது உள் ஃபிளேஞ்ச். அதில் இருக்கும் வட்டமான மேடு டிஸ்க்கின் துளைக்குள் நுழைந்து அதை நடுமையத்தில் நிறுத்தும். வெளிப்பக்க ஃபிளேஞ்சாகவும் இருந்து இறுக்குவது லாக் நட்டு. பெரும்பாலான லாக் நட்டுகளுக்கு இரண்டு முகம்: ஒன்று சமதளம், மற்றொன்றில் சிறு மேடு. தடித்த கிரைண்டிங் டிஸ்க் போடும்போது மேடுள்ள முகம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். மேடு துளைக்குள் இறங்கி இன்னும் நன்றாக உட்காரும். மெல்லிய கட்டிங் டிஸ்க் போடும்போது நட்டைத் திருப்பி, சமமுகம் டிஸ்க்கைப் பார்க்கும்படி போட வேண்டும். எந்தத் தடிமனுக்கு எந்த முகம் என்பது பொதுவாகக் கிரைண்டரின் கையேட்டில் படத்தோடு இருக்கும்.

இங்கே நட்டைத் திருப்பவில்லை. 1 மி.மீ. டிஸ்க்கின் துளைக்குள் ஒரு பக்கத்திலிருந்து உள் ஃபிளேஞ்சின் மேடும், மறுபக்கத்திலிருந்து நட்டின் மேடும் நுழைந்தன. இரண்டும் சேர்ந்த உயரம் டிஸ்க்கின் தடிமனைவிடச் சற்றே அதிகம். எனவே நட்டின் முகம் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே மேடும் மேடும் முட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அந்த இறுக்கம் முழுவதும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவேதான். டிஸ்க்குக்கு எதுவும் போய்ச் சேராது.

இடைவெளி மிகச் சிறியது. புது டிஸ்க் ஒன்றை அதே தவறான முகத்தில் மாட்டி, ஸ்பேனரால் இறுக்கிப் பார்த்தபோது நட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு தாள்தான் நுழைந்தது. அந்த நட்டு பழசு, மேடும் தேய்ந்திருந்தது. புது நட்டாக இருந்திருந்தால் மேட்டின் உயரத்துக்கு டிஸ்க் லொடலொடவென்று ஆடி, மாட்டும்போதே காட்டிக் கொடுத்திருக்கும். தேய்ந்த நட்டு டிஸ்க்கை விழாமல் பிடித்ததே தவிர, இறுக்கவில்லை. மோட்டாரை ஓட்டினால் டிஸ்க் நேராகச் சுற்றுவதுபோலவே தெரிந்தது. சுமை ஏறியதும்தான் வழுக்கியது.

உள் ஃபிளேஞ்சைக் கழற்றிப் பார்த்தோம். டிஸ்க் உரசிய இடத்தில் வளையமாக ஒரு பளபளப்பு. அதன்மேல் பழுப்பு நிறத்தில் பிசின் தூள் படிந்திருந்தது. லேபிளின் காகிதமும் அதே வட்டத்தில் தேய்ந்து போயிருந்தது. முதல் வெட்டிலேயே வழுக்கல் தொடங்கியிருக்க வேண்டும்.

பிடிமானம் இல்லாத மெல்லிய டிஸ்க் வெட்டுக்குள் நேராக நிற்காது. சற்றே சாயும். அப்போதுதான் இரும்பு தொய்ந்து வெட்டின் வாய் குறுகியது. டிஸ்க் நின்றது, பிறகு விட்டுப் பிடித்து ஒரே உதறலில் சுழன்றது. கட்டிங் டிஸ்க் தன் தளத்தில் வரும் விசையைத்தான் தாங்கும். பக்கவாட்டு வளைப்பை அதற்குத் தாங்கத் தெரியாது. அங்கேயே நொறுங்கியது.

இதுவரை ஏன் உடையவில்லை

இந்த ஆபரேட்டர் பல ஆண்டுகளாக நட்டைத் திருப்பாமலே வெட்டி வந்திருக்கிறார். அப்படியானால் இன்று மட்டும் ஏன்? கொள்முதல் பதிவைப் பார்த்ததும் விடை கிடைத்தது. முன்பெல்லாம் அங்கே வாங்கியது 3 மி.மீ. கட்டிங் டிஸ்க். அந்தத் தடிமனுக்கு, மேடுகள் முட்டுவதற்கு முன்பே நட்டின் முகம் டிஸ்க்கைத் தொட்டுவிடும். சரியான முறை இல்லைதான், ஆனாலும் பிடித்தது. சமீபத்தில் 1 மி.மீ. டிஸ்க்குக்கு மாறினார்கள். அது வேகமாக வெட்டும், பிசிறு குறையும், இரும்பு அதிகம் சூடாகாது. மாறியதில் தவறே இல்லை. மாற்றத்தோடு "இனி நட்டைத் திருப்பிப் போட வேண்டும்" என்ற தகவல் மட்டும் பட்டறைக்குள் வரவில்லை.

அதைவிட முக்கியமான பதிலை ஆபரேட்டரே சொன்னார். நட்டுக்கு இரண்டு முகம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். "திருப்பிப் போட்டா டிஸ்க் ஆடுது சார், கையே அதிருது. இப்படிப் போட்டா ஆடாது." அவர் அறியாமல் செய்யவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்து, அதிர்வைக் கண்டு, யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். சமமுகம் ஏன் ஆட வேண்டும்?

நட்டைத் திருப்பிப் பார்த்தோம். சமமுகம் சமமாக இல்லை. பின் ஸ்பேனருக்கான (நட்டின் துளைகளில் இரண்டு முள்ளைச் செருகித் திருப்பும் ஸ்பேனர்) துளைகளைச் சுற்றி உளித் தழும்புகள். ஒவ்வொரு தழும்பின் ஓரத்திலும் உலோகம் பிதுங்கி, விரலைக் கிழிக்கும் அளவுக்குப் பிசிறு. துளைகள் வட்டம் இழந்து நீண்டிருந்தன.

காரியம் இப்படித்தான் நடந்திருக்கிறது. தடித்த டிஸ்க் மாட்டும்போது மேடுள்ள முகம் உள்ளே இருக்கும், சமமுகம் வெளியே தெரியும். தேய்க்கும் வேலையின் சுமையில் லாக் நட்டு தானாகவே மேலும் இறுகும். ஸ்பிண்டில் சுழலும் திசைக்கு ஏற்ப மரை அப்படித்தான் அமைந்திருக்கிறது. நாள் முழுக்கத் தேய்த்தபின் கழற்றப் போனால் கையால் அசையாது. பின் ஸ்பேனர் இல்லை. எனவே வெளியே தெரியும் முகத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டும் எந்த முகத்தில் விழுந்ததோ, அதே முகத்தைத்தான் பிறகு மெல்லிய டிஸ்க்கின்மேல் அழுத்த வேண்டும். பிசிறு உள்ள முகத்தைத் திருப்பிப் போட்டால் அது டிஸ்க்கின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும், டிஸ்க் ஆடும். ஆடாமல் இருக்க நட்டைத் திருப்பாமல் விடுவார்கள். டிஸ்க்குக்குப் பிடிமானம் போகும்.

ஸ்பேனர் தொலைந்ததிலிருந்து முன்கையில் போட்ட தையல் வரை ஒரே நூல்தான். இதில் ஆபரேட்டரைக் கவனக்குறைவானவர் என்று எழுதுவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. கையில் கொடுத்த பொருளைக் கொண்டு தனக்குத் தெரிந்தவரை பத்திரமாகத்தான் அவர் வேலை செய்தார். அந்தப் பதிவை அடித்துத் திருத்தச் சொன்னோம், திருத்தினார்கள்.

கார்டு எந்தப் பக்கம் பார்த்தது

கிரைண்டரில் கார்டு, அதாவது டிஸ்க்கை மூடும் காப்புத் தகடு, இருந்தது. ஆபரேட்டர் தப்பியதற்கு அதுவே காரணம். கார்டின் உட்புறத்தில் துண்டு மோதிய புதுத் தழும்பு இருந்தது. ஆனால் காலையில் தேய்ப்பதற்கு எந்தக் கோணத்தில் வைத்திருந்தார்களோ அதே கோணத்தில் விட்டுவிட்டார்கள். திறந்த பக்கம் நேராக உதவியாளரைப் பார்த்தது. போதாததற்கு அது தேய்க்கும் வேலைக்கான கார்டு, அடிப்பக்கம் திறந்திருக்கும். வெட்டும் வேலைக்கு டிஸ்க்கின் இரு பக்கத்தையும் மூடும் கார்டு வேண்டும். டிஸ்க் மாறினால் கார்டும் மாற வேண்டும், கோணமும் மாற வேண்டும். டிஸ்க் மாற்றுவது என்ற வேலைக்குள் இதுவும் அடக்கம்.

உதவியாளர் அங்கே ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டோம். பொறி அந்தப் பக்கம் வரவில்லை, அதனால் பயமில்லை என்று நினைத்தாராம். பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். பொறி ஒரே திசையில் பறக்கும். உடைந்த டிஸ்க் துண்டு அப்படியில்லை. எந்தப் புள்ளியில் பிய்ந்ததோ அங்கிருந்து நேர்கோட்டில் போகும். டிஸ்க் சுற்றும் தளத்தில் எந்தத் திசையும் பத்திரமில்லை. அந்தத் தளத்தை விட்டுப் பக்கவாட்டில் விலகி நிற்பதே வழி. அது ஆபரேட்டரின் உடம்புக்கும் பொருந்தும்.

உண்மையில் அந்த இடத்தில் ஆளே தேவையில்லை. ஆங்கிளைக் கிளாம்பில் இறுக்கி, வெட்டும் இடம் தாங்கலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால், வெட்டு ஆழமாக ஆழமாக வாய் விரியும், கவ்வாது.

தேடப்போன இடத்தில் கிடைத்த மற்றவை

அங்கிருந்த எல்லாக் கிரைண்டரையும் சோதித்தோம். ஒன்றில், டிஸ்க் மாற்றும்போது ஸ்பிண்டில் சுற்றாமல் பிடிக்கும் லாக் பட்டனை அழுத்தினாலும் பிடிக்கவில்லை. டிஸ்க் முழுதாக நிற்பதற்கு முன்பே அந்தப் பட்டனை அழுத்தி நிறுத்தும் பழக்கம்தான் காரணம். சுவிட்சை அணைத்தபின் டிஸ்க் பல விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் லாக் பின் கியரில் விழுந்தால் பின் தேயும், கியர் பெட்டியின் வார்ப்பே உடையலாம். ஸ்பிண்டில் சட்டென்று நிற்க, டிஸ்க்கின் வேகம் நட்டைத் தளர்த்தவும் செய்யும். பட்டன் பிடிக்காமல் போனால் டிஸ்க்கைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டைத் தட்ட வேண்டியிருக்கும். உளிக்கு இன்னொரு வேலை.

இரண்டு கிரைண்டர்களில் தள்ளிப் பூட்டும் சுவிட்ச், அதாவது கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் வகை. மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் தானே ஓடும். டிஸ்க் மாற்றும்போது பிளக்கை உருவாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஓர் இழுப்பறையில் தேய்ந்து சிறுத்த 180 மி.மீ. டிஸ்க்குகள் இருந்தன. பெரிய கிரைண்டரில் தேய்ந்தபின் அவற்றை 125 மி.மீ. கிரைண்டரில் போட்டுத் தீர்க்கலாம் என்று எடுத்து வைத்திருந்தார்கள். இது பரவலான பழக்கம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 180 மி.மீ. டிஸ்க்குக்கு அனுமதித்த வேகம் சுமார் 8,500 சுற்று. சிறிய கிரைண்டர் ஓடுவது 11,000-இல். டிஸ்க்குக்குள் ஏற்படும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். முழு அளவு டிஸ்க்காக இருந்தால் அனுமதித்ததைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. "தேய்ந்து சிறுத்துவிட்டதே, விளிம்பின் வேகம் குறைந்துவிடுமே" என்பது வழக்கமாக வரும் வாதம். கணக்கு அப்படித் தோன்றினாலும், அந்த டிஸ்க்கை அந்தச் சுழற்சி வேகத்துக்குச் செய்யவும் இல்லை, சோதிக்கவும் இல்லை. தேய்ந்த ஓரத்தில் என்ன சேதம் இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது. பெரிய கிரைண்டரில் தேய்ந்த டிஸ்க்கைச் சிறியதில் போடாதே என்று கிரைண்டர் கையேடுகள் நேரடியாகவே தடை விதிக்கின்றன. இன்னும் தேயாததைப் போட வேண்டுமென்றால் கார்டையும் கழற்ற வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் அங்கேயே உடைத்துப் போட்டோம்; இழுப்பறையில் இருந்தால் என்றாவது ஒருவர் எடுப்பார்.

இப்போது டிஸ்க் மாற்றும் முறை

முதல் மாற்றம் ஸ்பேனர். ஒவ்வொரு கிரைண்டருக்கும் அதற்குரிய பின் ஸ்பேனரை வாங்கி, மின்வயரில் பிளக்குக்குப் பக்கத்திலேயே சிறு கயிற்றால் கட்டிவிட்டோம். கயிறு குட்டை. ஸ்பேனர் நட்டை எட்ட வேண்டுமென்றால் பிளக்கை உருவிக் கிரைண்டரின் அருகே கொண்டுவந்தே ஆக வேண்டும். "பிளக்கை உருவு" என்று சுவரில் எழுதி ஒட்டுவதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது. பேட்டரி கிரைண்டரில் இது முடியாது. அதில் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் கண்ணில் படும்படி வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

டிஸ்க் முழுதாக நின்றபிறகு, பிளக்கை உருவி, சுவிட்ச் அணைந்த நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிரைண்டரை மேசைமேல் படுக்க வைக்க வேண்டும். வேலை முடித்த டிஸ்க் சுடும், ஓரமும் கூர்மை, கையுறை வேண்டும். லாக் பட்டனை லேசாக அழுத்திக்கொண்டே ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் பின் "டக்" என்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன்பிறகே ஸ்பேனர்.

நட்டு அசையவில்லை என்றால் ஸ்பேனரின் கைப்பிடி நுனியில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டலாம்; நட்டின்மேல் உளி வைக்கக் கூடாது. அதற்கும் மசியாவிட்டால், கண்ணாடி அணிந்துகொண்டு பழைய டிஸ்க்கைக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்துவிடலாம். நடுவே இருந்த டிஸ்க் போய்விட்டால் நட்டின் அழுத்தமும் போய்விடும், எளிதாகக் கழலும். ஒரு பழைய டிஸ்க் வீணாவது ஒரு நட்டு கெடுவதைவிட மேல்.

இரண்டு ஃபிளேஞ்சு முகங்களையும் துணியால் துடைப்பது பலர் விட்டுவிடும் வேலை. ஒட்டியிருக்கும் ஓர் இரும்புத் துகள் போதும், டிஸ்க் சாய்ந்து உட்காரும். துடைக்கும்போதே விரலை ஓட்டிப் பார்த்தால் பிசிறு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் அந்த நட்டு குப்பைக்கு. உள் ஃபிளேஞ்ச் ஸ்பிண்டிலின் வெட்டு முகத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். புது டிஸ்க்கில் அளவு, துளை, வேகம், காலாவதி நான்கையும் படித்த பிறகு, அது உள் ஃபிளேஞ்சின் மேட்டில் தானாக உட்கார வேண்டும். திணிக்கவும் கூடாது, வாஷரோ வளையமோ வைத்து ஈடுகட்டவும் கூடாது. நட்டின் முகம் சரிதானா என்பதைப் பார்த்து, ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும். ஓட ஓட மீதி இறுகிவிடும். பிரேக் உள்ள கிரைண்டரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். டிஸ்க் சட்டென்று நிற்கும்போது நட்டு தளரப் பார்க்கும் என்பதால் அந்தந்தக் கையேடு சொல்லும் ஃபிளேஞ்சைத்தான் போட வேண்டும்.

இந்த விபத்துக்குப் பிறகு சேர்த்த ஒரு சோதனை உண்டு. நட்டை இறுக்கியதும், ஒரு கையால் லாக் பட்டனை அழுத்திக்கொண்டே மறு கையால் டிஸ்க்கைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்பிண்டில் நிற்க, டிஸ்க் மட்டும் நகர்ந்தால் நட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அது மாட்டியதாகக் கணக்கில்லை. சில விநாடி வேலைதான். அன்று செய்திருந்தால் அந்த டிஸ்க் கையிலேயே சுற்றியிருக்கும்.

பிறகு கார்டைத் திருப்பி வைத்து, பக்கக் கைப்பிடி இறுக்கமா என்று பார்த்து, பிளக்கைச் செருகி, டிஸ்க்கின் தளத்தில் ஆள் யாரும் இல்லாதபடி அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை சும்மா ஓட விட வேண்டும். அதிர்வோ விசித்திரமான சத்தமோ வந்தால் நிறுத்தி, கழற்றி, முதலிலிருந்து.

பட்டறை நிர்வாகத்திடம் பெரிதாக வாதாட வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: வெட்டுவதற்குத் தனிக் கிரைண்டர், தேய்ப்பதற்குத் தனிக் கிரைண்டர். ஒரே கிரைண்டரில் நாளுக்குப் பலமுறை டிஸ்க்கையும் நட்டையும் கார்டையும் மாற்றச் சொல்லிவிட்டு, ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். மாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் தவறும் குறையும். இப்போது வெட்டும் கிரைண்டரில் இருபக்கமும் மூடும் கார்டு நிரந்தரமாக இருக்கிறது. நட்டின் சமமுகமும் உள்ளேயே இருக்கிறது. தேய்ந்தால் அதே வகை டிஸ்க்தான் மறுபடி ஏறும்.

லாக் பட்டன் பிடிக்காத கிரைண்டருக்கு லாக் பின்னும் கியர் பெட்டி மூடியும் மாற்ற வேண்டும். உதிரிப்பாகம் வரும்வரை அதன் பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு, "ஓட்டாதே" என்ற அட்டையோடு அலமாரியில் வைத்திருக்கிறோம்.